துணி தின்னும் மண்

தோண்டும் நாள் வருகிறதென்றால் மண்ணக்காவுக்கு முதல் நாளே சோறு இறங்காது. அன்றும் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. அவள் விரலால் அதில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தாள்.

“குழிக்குள்ள என்ன புதையலா வச்சிருக்கே? நீ புதைச்ச துணி, நீயே போய் எடுக்கப்போறே. அதுக்கு எதுக்கு இந்தப் பட்டினி?” என்று எதிரே உட்கார்ந்து கேட்டாள் நாத்தனார்.

“நாளைக்குத்தானே அந்த அறக்கட்டளைக்காரங்க வர்றாங்க அண்ணி. அவங்க கண்ணு முன்னாடி எடுக்கணும்.”

“எடேன். துணி என்ன, கடிச்சா வைக்கும்?”

“துணியைத்தான் கடிச்சிருக்கணும். அதுதான் கவலை.”

மண்ணக்காவின் கணவர் தையல்காரர். வாயில் சோற்றோடு சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. நாத்தனார் தம்பியின் தலையில் தட்டிவிட்டு, “நல்ல ஜோடிடா நீங்க. நீ தைக்கிறே, அவ புதைக்கிறா. நடுவுல நான் ஒருத்தி துவைக்கிறேன்,” என்றாள்.

மண்ணக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆராய்ச்சி நிலையத்தில் அவள் அறைக்கதவில் பட்டங்களோடு சேர்த்து எழுதி மாட்டியிருக்கிறார்கள். அதைப் படிப்பவர்தான் யாரும் இல்லை. வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர்வரை எல்லோருக்கும் அவள் மண்ணக்காதான். கோபம் வந்தால் நாத்தனார் அதையும் சுருக்கி ‘ஏ மண்ணு’ என்பாள்.

மண்ணுக்குள் இருக்கும் உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி அவளுடையது. மண்புழுவாவது கண்ணுக்குத் தெரியும். மற்றதெல்லாம் தெரியாத கூட்டம். ஒரு கைப்பிடி நல்ல மண்ணை அள்ளினால், ஒரு நகரத்தின் சனத்தொகையைவிட அதிகமான உயிர்கள் உள்ளங்கையில் இருக்கும் என்று அவள் சொல்வாள். கேட்டவர்கள் மறுக்க மாட்டார்கள். அப்படியா என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள். கண்ணால் பார்க்காத கூட்டத்துக்கு யார் படியளப்பார்கள்?

அதற்காகத்தான் துணி.

நிலையத்தின் பின்பக்கம் அடுத்தடுத்து இரண்டு துண்டு நிலம். ஒன்றுக்குப் பெயர் போர்வை. அதன்மேல் எப்போதும் வைக்கோலும் சருகும் மூடியிருக்கும். உழுது புரட்ட மாட்டார்கள். ஒரு பயிர் எடுத்தால் அடுத்த பயிரின் வேர் அதற்குள் இறங்கியிருக்கும். இன்னொன்று மொட்டை. அதை ஒவ்வொரு பருவமும் உழுது, அறுவடை முடிந்ததும் வெயிலில் வெறுமனே காயப் போட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே வெயில். மழைக்கு முன்னால் இரண்டிலும் ஒரே மாதிரியான வெள்ளைப் பருத்திக் கைக்குட்டைகளைப் புதைத்து, அடையாளத்துக்குக் குச்சி நட்டு, மழை ஓய்ந்தபின் தோண்டி எடுப்பாள் மண்ணக்கா.

போர்வையில் புதைத்த கைக்குட்டை திரும்பி வராது. பருத்தியை மண்ணிலுள்ள உயிர்கள் தின்று தீர்த்திருக்கும். ஓரம் அடித்த பாலியெஸ்டர் நூலை மட்டும் அவற்றால் தின்ன முடியாது. அதனால் வெறும் தையல் மட்டும், சுவரில்லாத ஜன்னல் சட்டம்போலக் கையோடு வரும். மொட்டையில் புதைத்ததோ போன மாதிரியே திரும்பி வரும். அலசிக் காயவைத்தால் மூக்குத் துடைக்கலாம்.

“உங்க மண்ணு எதை வேணா தின்னட்டும். என் தையலை அசைக்க முடிஞ்சுதா?” என்று தையல்காரர் ஒவ்வொரு வருஷமும் மார்தட்டுவார்.

துணியைத் தின்னும் மண்தான் தண்ணீரையும் பிடித்து வைக்கும். அந்தச் சின்ன உயிர்கள் மண்ணைச் சிறுசிறு உருண்டைகளாக ஒட்டவைத்து, நடுவில் இண்டு இடுக்கு விட்டிருக்கும். மழை ஏமாற்றிய வருஷம் மொட்டையில் பயிர் கருகி நிற்க, போர்வை பச்சையாகவே இருந்தது. ஒரே நாளில் கொட்டித் தீர்த்த வருஷம் மொட்டையின் மேல்மண் கலங்கல் தண்ணீராகக் கால்வாயைப் பார்த்து நடையைக் கட்டியது. போர்வை குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. பருவம் தப்பிப்போன இந்தக் காலத்தில் அதைவிட ஒரு நிலம் வேறென்ன செய்ய வேண்டும்?

ஆனால் அறக்கட்டளை தந்துவந்த உதவி இந்த மழையோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள். அவர்களிடம் கேட்டு நிற்கும் கூட்டமோ பெரிது. சூரியத் தகடு என்கிறார்கள், காற்றாலை என்கிறார்கள், எல்லாம் பளபளவென்று படம் எடுக்கத் தோதானவை. அவற்றுக்கு நடுவே மண்ணைக் காட்டிப் பணம் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு துண்டையும் சமப்படுத்தி வண்டி நிறுத்தும் கொட்டகை போட்டுவிடலாம் என்று இயக்குநர் ஏற்கெனவே கயிறு பிடித்துப் பார்த்துவிட்டார். அவர் கெட்டவரில்லை. வெயிலில் வெந்த வண்டி இருக்கையில் தினமும் உட்கார்ந்து துள்ளி எழுகிறவர். அவர் கஷ்டம் அவருக்கு.

கான்கிரீட் போட்டுவிட்டால் பத்தாண்டுக்கு மேலாகப் போர்த்திப் போர்த்தி வளர்த்த மண் அடியிலேயே மூச்சு முட்டிப்போகும். வேறிடத்தில் திரும்ப வளர்க்க இன்னும் அத்தனை காலமாகும். அத்தனை காலம் மண்ணக்காவுக்கு வேலையில் மிச்சமில்லை.

“சாப்பிடு. நாளைக்கு மயக்கம் போட்டு அந்தக் குழியிலேயே விழுந்தேன்னா என் தம்பி உன்னையும் ஓரம் அடிச்சுத்தான் அனுப்பணும்,” என்றாள் நாத்தனார்.

மண்ணக்கா சிரித்துவிட்டாள். சிரித்த வாய்க்குள் இரண்டு கவளம் போயிற்று.

மறுநாள் காலை அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தலைவியம்மா கட்டைமுடி வைத்தவர். வந்ததும் செருப்பைக் கழற்றி வரப்போரம் விட்டுவிட்டு, போர்வையின்மேல் வெறுங்காலோடு ஏறி நின்று, “மெத்தை மாதிரி இருக்கே!” என்றார். மண்ணக்காவுக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று. கூட வந்தவர் கணக்கர். மெருகேற்றிய சப்பாத்து. அவர் வரப்பைவிட்டு இறங்கவில்லை. இயக்குநர் இருவருக்கும் நடுவில் நின்று, எதற்கும் தயாராக ஒரு புன்னகையை முகத்தில் ஒட்டவைத்திருந்தார்.

“தோண்டட்டுமாக்கா?” என்றார் மண்வெட்டியோடு நின்ற நிலையத்துத் தோட்டக்காரர்.

“தோண்டுங்கண்ணே. பார்த்து, குச்சிக்கு ஒரு சாண் தள்ளி.”

முதல் குழியில் அவர் கையைவிட்டு மெதுவாக இழுத்தார். நாலு பக்கமும் தையல், நடுவில் ஒன்றுமில்லை. தலைவியம்மா அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்து, அதன் வழியாகக் கணக்கரைப் பார்த்தார்.

“துணி எங்கே?”

“சாப்பிட்டாச்சும்மா,” என்றாள் மண்ணக்கா.

இரண்டாவதும் அப்படி. மூன்றாவதில் ஒரு மூலையில் வெற்றிலையளவு துணி ஒட்டியிருந்தது, அதிலும் சல்லடைபோல ஓட்டை. மண்ணக்காவின் குரல் கூடிவிட்டது. புழு தின்பது எது, பூஞ்சை தின்பது எது என்று கைகளை வீசி வீசிச் சொன்னாள். கணக்கர்கூட ஒரு கால் இறங்கி நின்று எட்டிப் பார்த்தார்.

“இப்ப இந்தப் பக்கம் பாருங்க. இதுல ஒண்ணும் ஆகியிருக்காது,” என்று மொட்டைக்கு அழைத்துப் போனாள்.

தோட்டக்காரர் தோண்டினார். கட்டி கட்டியாகப் பெயர்ந்தது மண். கையை விட்டவர் எடுக்கவில்லை. முகத்தை நிமிர்த்தி மண்ணக்காவைப் பார்த்தார்.

“என்னண்ணே?”

அவர் கையை வெளியே எடுத்தார். நாலு பக்கம் தையல். நடுவில் கந்தல்.

“தப்பிப் பொறந்த ஒண்ணு இருக்கும்,” என்று இயக்குநர் உதவிக்கு வந்தார். “அடுத்ததைப் பார்ப்போம்.”

அடுத்ததும் கந்தல். அதற்கடுத்தது வெறும் சட்டம். ஒரு வரிசை முழுக்கத் தோண்டியாகிவிட்டது. மண்ணக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை வருஷத்தில் மொட்டை ஒருமுறைகூட இப்படித் தின்றதில்லை.

கணக்கர் தொண்டையைச் செருமினார். “தப்பா நினைக்காதீங்க. போர்த்தின நிலமும் தின்னுது, போர்த்தாத நிலமும் தின்னுதுன்னா… அப்புறம் எதுக்குப் போர்த்தணும்?”

அதில் குத்தலே இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் கேட்டிருப்பாள்.

“தெரியலை சார். எனக்கே புரியலை,” என்றாள்.

“வெயில் ஏறுது. உள்ளே போய் டீ குடிச்சுட்டுப் பேசலாமே,” என்று இயக்குநர் அவர்களை அழைத்துப் போனார். போகும்போது அவர் கண் தன்னையறியாமல் கயிறு பிடித்த எல்லையை ஒருமுறை அளந்துவிட்டு வந்தது.

பம்புசெட் அறைக்குள் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் மண்ணக்கா உட்கார்ந்தாள். மடி நிறையக் கந்தல். தோட்டக்காரர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழாயைத் திறந்து திறந்து மூடினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் நாத்தனார், மடியில் அடுத்த பருவத்துக்கான புதுக் கைக்குட்டைக் கட்டு. பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மண்ணக்காதான் முன்கூட்டியே தைக்கச் சொல்லியிருந்தாள். இப்போது அந்தக் கட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது.

“என்னம்மா, முடிஞ்சுதா? கைதட்டினாங்களா?” என்றார் தையல்காரர்.

அவள் மடியைக் காட்டினாள். “மொட்டையில எடுத்தது.”

அவருக்கு விளங்கியது. ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நாத்தனார் குனிந்து ஒரு கந்தலை எடுத்து, விரல் நுனியால் தேய்த்துப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

“அடப்பாவமே. எவ்வளவு பதமாப் போட்ட கஞ்சி! ஒரு துணியாவது விறைப்பா வந்திருக்கக் கூடாதா?”

மண்ணக்கா தலையை நிமிர்த்தினாள். “என்ன கஞ்சி?”

“சாதாக் கஞ்சிதான். நான் சட்டைக்கெல்லாம் போடறேனே, அது.”

“அண்ணி, இதுக்கு எதுக்கு நீங்க கஞ்சி போட்டீங்க?”

“இது என்ன கேள்வி? பெரிய மனுஷங்க முன்னாடி எடுக்கப்போற துணின்னு நீதானே சொன்னே. தொளதொளன்னு வந்தா யாருக்கு மானக்கேடு? கடை பேரு என்ன ஆகும்? மண்ணுக்குள்ள போனாலும் வரும்போது விறைப்பா வரட்டும்னுதான் போட்டேன்.”

“துணியை நல்லா வெந்நியில அலசிக் கஞ்சியை எடுத்துட்டுத்தானே தைக்கச் சொல்லியிருக்கேன்? வருஷா வருஷம் அலசிக் கொடுத்தது நீங்கதானே?”

“அது மில்லுல போட்ட கஞ்சி! மட்டமான கஞ்சின்னு நீ எடுக்கச் சொல்றதா நினைச்சேன். நான் போட்டது நம்ம வீட்டுக் கஞ்சி. நல்ல கஞ்சி.” சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் இறங்கியது. “ஏன், போடக் கூடாதா? கூடாதுன்னு நீ சொல்லவே இல்லையேம்மா.”

சொல்லவில்லைதான். கஞ்சி மண்ணிலுள்ள உயிர்களுக்கு விருந்து என்பதும், அதனால்தான் அதைத் துளி விடாமல் அலச வேண்டும் என்பதும் மண்ணக்காவுக்குத் தெரியும். தெரிந்ததைத் தன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அண்ணிக்கு வெறும் வேலையை மட்டும் கொடுத்திருந்தாள்.

“எல்லாத்துக்கும் போட்டீங்களா?”

“எங்கே? முதல் கட்டைத் தம்பி அதுக்கு முன்னாடியே உன்கிட்ட கொடுத்துட்டான். அவங்க வர்றாங்கன்னு நீ வந்து சொன்னது அப்புறம்தானே? ரெண்டாவது கட்டுக்கு மட்டும்தான்.”

மண்ணக்கா நெற்றியில் அறைந்துகொண்டாள். முதல் கட்டு போர்வைக்குப் போனது. இரண்டாவது கட்டு மொட்டைக்கு. எப்போதும் இரண்டு கட்டையும் ஒன்றாகக் கொட்டி, கலைத்து, பிறகுதான் பிரித்துப் புதைப்பாள். இந்த வருஷம் மேகம் திரண்டு தலைக்குமேல் வந்துவிட்டதென்று, வந்தது வந்தபடி புதைத்துவிட்டாள். தூறலில் நனைந்து விறைப்பும் போயிருந்தது. கையுறை வேறு. கஞ்சி போட்டது அண்ணியின் கை. கலைக்காமல் விட்டது அவள் கை.

“என்னைத் திட்டிடு. மனசுல வச்சுக்காதே,” என்றாள் நாத்தனார். வாய் ஓயாதவள் அப்படி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று மண்ணக்கா பார்த்ததே இல்லை.

திட்டத்தான் வாயெடுத்தாள். அதற்குள் வேறொன்று குறுக்கே வந்தது. கஞ்சி விருந்துதான். ஆனால் விருந்து வைத்தால் சாப்பிட ஆள் வர வேண்டுமே. மொட்டையில் ஆளே இல்லை என்றல்லவா இத்தனை வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்?

எழுந்து நின்றாள். மடியிலிருந்த கந்தலெல்லாம் தரையில் சிதறியது.

“அண்ணே, முதல் கட்டுல போர்வைக்குப் போக மிச்சம் கொஞ்சம் இருந்துச்சே. அதை மொட்டையில சுவரோரமா புதைச்சோமே, ஞாபகம் இருக்கா?”

“கடைசி வரிசை. குச்சி இருக்கு. கொடி ஏறிக் கிடக்கு,” என்றார் தோட்டக்காரர்.

கஞ்சி படாத துணி, அதே மொட்டையில். அதுவும் தின்னப்பட்டிருந்தால் மண்ணக்காவின் இத்தனை வருஷப் பேச்சு பொய். கொட்டகைதான். தின்னப்படாமல் இருந்தால்?

“நான் ஓடிப்போய் ஒண்ணே ஒண்ணு தோண்டிப் பார்த்துட்டு வந்திடறேன்க்கா. நமக்குத் தோதா இருந்தா அவங்களைக் கூப்பிடலாம்,” என்று தோட்டக்காரர் மண்வெட்டியை எடுத்தார்.

“ஆமாம்மா. இல்லேன்னா வாயைத் திறக்க வேண்டாம்,” என்றார் தையல்காரரும்.

அவளுக்கும் கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. சுவரோரம் இருபது எட்டுகூட இருக்காது. ஆனால் தோண்டிப் பார்த்துவிட்டு மூடினால் மண் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். புரட்டிய மண்ணின் நிறமே வேறு. தலைவியம்மா கேட்காவிட்டாலும் சப்பாத்துக்காரர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

“வேணாங்க. அவங்க முன்னாடியே தோண்டுவோம். என்ன வருதோ வரட்டும்.” நாத்தனாரின் கையைப் பிடித்தாள். “அண்ணி, நீங்களும் வாங்க.”

“நானா? எனக்கு அவங்ககிட்ட என்ன வேலை?”

“கஞ்சி போட்டது நீங்கதானே? நீங்கதான் சொல்லணும்.”

“ஏ மண்ணு, என்னை விட்டுடு. சேலைகூட நல்லதாக் கட்டிட்டு வரலை!”

டீ அறையில் மண்ணக்கா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தான் துணிகளைக் கலைக்க மறந்ததிலிருந்து தொடங்கினாள். இயக்குநரின் புன்னகை மெல்ல உரிந்து விழுந்தது. கணக்கர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவியம்மா நாத்தனாரைப் பார்த்தார்.

“நீங்கதான் போட்டீங்களா? எவ்வளவு போட்டீங்க?”

“எவ்வளவுன்னா… போட வேண்டிய அளவு.”

“ஒரு வாளித் தண்ணிக்கு எவ்வளவுன்னு கணக்கு இருக்குமில்ல?” என்றார் கணக்கர்.

“கையை விட்டா தெரியும் சார். விரல் வழுக்கணும், ஒட்டக் கூடாது.” நாத்தனாருக்குக் குரல் திரும்பிவிட்டது. அவருடைய சட்டைக் காலரைக் கண்ணால் காட்டி, “உங்களுக்குப் போடறவங்க கொஞ்சம் கூடுதலாப் போடறாங்க. கழுத்து அறுக்குமே?” என்றாள்.

கணக்கர் காலருக்குள் விரலை விட்டுக்கொண்டார். தலைவியம்மா டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

எல்லோரும் திரும்ப மொட்டைக்கு வந்தார்கள். சுவரோரம் கொடியை விலக்கினார் தோட்டக்காரர். குச்சி சாய்ந்து கிடந்தது, சுற்றிலும் மண் இறுகிக் கிடந்தது. யாரும் தொடாத இடம் என்பது பார்த்தாலே தெரிந்தது. முதல் வெட்டு விழுந்தபோது மண்ணக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தையல்காரர் பக்கத்தில் வந்து நின்றது வாசனையில் தெரிந்தது. எந்திர எண்ணெய் வாசனை. அவர் அவள் புறங்கையைத் தன் புறங்கையால் தொட்டார்.

“வருதுக்கா,” என்றார் தோட்டக்காரர். “முழுசா வருது.”

கண்ணைத் திறந்தாள். கைக்குட்டை. பழுப்பேறி, மண் அப்பி, ஆனால் முழுக் கைக்குட்டை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கிழியவில்லை. அடுத்ததும் முழுசு. மூன்றாவதில் சின்னதாக ஒரு ஓட்டை, அவ்வளவுதான். எதிரே முதல் வரிசைக் குழிகள் திறந்தபடியே கிடந்தன. அதே மண், அதே மழை. அங்கே கந்தல், இங்கே துணி.

“அப்ப நீங்க முன்னாடி சொன்னதுதான் சரி. இந்த மண்ணு செத்த மண்ணு,” என்றார் தலைவியம்மா.

“இல்லைம்மா. நான் சொன்னது தப்பு.” மண்ணக்காவுக்கு மூச்சு வாங்கியது. “செத்திருந்தா கஞ்சித் துணியையும் தொட்டிருக்காது. உள்ளே ஆள் இருக்காங்க. பசியில சுருண்டு படுத்திருக்காங்க. உழுது உழுது, வெயில்ல போட்டு, ஒண்ணும் கொடுக்காம விட்டோம். ஒரு வாய் கஞ்சி வாசம் பட்டதும் எழுந்து, கஞ்சியைத் தின்னு, அந்தச் சூட்டோட துணியையும் தின்னிருக்காங்க. போர்வையில தினமும் சாப்பாடு. இங்கே ஒருநாள் விருந்து. அதான் வித்தியாசம்.”

“பூச்சி வந்து தின்னிருக்கலாமே? கஞ்சிக்குப் பூச்சி வரும்,” என்றார் கணக்கர். அவர் எப்போது வரப்பிலிருந்து இறங்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை. சப்பாத்தில் மண்.

“வரலாம் சார். அதையும் பார்க்கணும். இன்னிக்கு எடுத்த இந்தக் கொஞ்சத் துணியை வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன். கஞ்சி போட்டது, போடாதது, ரெண்டையும் ரெண்டு நிலத்துலயும் புதைச்சு, ஒழுங்காக் கலைச்சுப் புதைச்சு, திரும்பப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்.”

தலைவியம்மா மொட்டையில் குனிந்து ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். “வெளியே இருக்கிற நிலமெல்லாம் இப்படித்தானே கிடக்கு. அதெல்லாம் செத்தே போச்சுன்னு எல்லாரும் எங்ககிட்ட வந்து அழறாங்க. பசின்னு சொன்னவங்க நீங்கதான்.” கட்டியைக் கீழே போட்டுவிட்டு, “அப்ப என்ன ஊட்டணும்? எவ்வளவு நாள் ஊட்டணும்? அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு என்ன வேணும்?” என்றார்.

பதில் சொல்ல மண்ணக்கா வாயைத் திறந்தாள். மூடிவிட்டு, விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். நாத்தனார் விலாவில் இடித்தாள்.

“கேட்கறாங்க இல்ல? சொல்லித் தொலையேன்.”

முடிவு உடனே வரவில்லை. கணக்கருக்கு ஆயிரம் கேள்வி. போய் ஒன்று கேட்டார், வந்து ஒன்று கேட்டார். கடைசியில் அறக்கட்டளை மண்ணக்கா கேட்டதில் பாதிக்குத்தான் சம்மதித்தது. புதிய கருவி கிடையாது, வெளியூர்க் கருத்தரங்கு கிடையாது. இரண்டு துண்டு நிலமும் அப்படியே இருக்கும், மொட்டையில் பாதியைப் போர்த்தி ஊட்டிப் பார்க்கலாம், வரும் பருவங்களுக்குத் தோட்டக்காரருக்கும் அவளுக்கும் வேலை உண்டு. அவளுக்கு அது போதும். சேதி வந்த அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இயக்குநர் கொட்டகையை வாசல் பக்கம் மாற்றிக்கொண்டார். அங்கே நிழல் இன்னும் நல்ல நிழல் என்று இப்போது அவரே எல்லோரிடமும் சொல்கிறார்.

அடுத்த மழைக்கு முன்னால் ஒரு மாலை, தையல் கடையின் வெட்டுமேசைமேல் கைக்குட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. பாதிக்குக் கஞ்சி, பாதிக்கு இல்லை. கஞ்சி வைத்த வாளிக்குப் பக்கத்தில் இப்போது ஓர் அளவுக் குவளையும் தராசும் இருந்தன. கணக்கரின் கட்டளை.

“என் கையை நம்பாம குவளையை நம்புறாரு அந்த மனுஷன்,” என்று நாத்தனார் முணுமுணுத்தாள். முணுமுணுத்தாளே தவிர, ஒவ்வொரு முறையும் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கோடு தொட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊற்றினாள். “ஏம்மா, இந்தக் கஞ்சியைக் குடிச்சுட்டு அதுங்க தூங்கிடாதே?”

“தூங்காது அண்ணி. ஆனா ஒருநாள் விருந்தோட விட்டா திரும்பப் பசிக்கும். அதான் வைக்கோல் போடறோம். அது மெல்ல மெல்லத் தின்ன.”

“ம். இப்படி முதல்லயே விவரமாச் சொல்லியிருந்தா நான் ஏன் போடறேன்?”

“நீங்க போடலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?”

நாத்தனார் அடுத்த துணியை வழக்கத்தைவிடச் சத்தமாக உதறினாள்.

தையல்காரர் எந்திரத்தில் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். கஞ்சித் துணிக்குச் சிவப்பு நூல், வெறும் துணிக்கு நீல நூல். மண் எதைத் தின்றாலும் தையலைத் தின்னாது, பிறகு எடுத்துப் பார்த்தால் எது எதென்று நூல் சொல்லிவிடும் என்பது அவருடைய யோசனை. அந்தப் பெருமையில் மிதியை ஓங்கி ஓங்கி மிதித்தார்.

முடிந்ததும் மண்ணக்கா எல்லாக் கைக்குட்டைகளையும் தரையில் கொட்டினாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கலைத்தாள். சிவப்பும் நீலமும் பறந்து பறந்து விழுந்தன. போதும் என்று கணவர் சொன்னார். போதாது என்று மறுபடியும் கலைத்தாள்.

“ஐயோ, அத்தனையும் தேய்ச்சு மடிச்சு வச்சதுடி!” என்று நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் அவளும் எதிரே வந்து உட்கார்ந்து, தன் பங்குக்கு ஒரு கை அள்ளி மேலே வீசினாள்.